மட்காட்டில் இருந்து கதவுக்கு: ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கண்ணாடிக் கதை

1970ஆம் ஆண்டு நிசான் ஸ்போர்ட்ஸ் காரின் இரண்டு படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று யப்பானில் விற்ற ‘ஃபெயார்லேடி இஸட்’. மற்றது அமெரிக்காவில் விற்ற ‘டட்சன் 240 இஸட்’. நீளமான மூக்கு, பின்னுக்குச் சரிந்து இறங்கும் கூரை, உள்ளுக்குக் குழிந்த வட்ட லைற், எல்லாம் ஒண்டுதான். ஆனால் யப்பான் காரின் முன் மட்காட்டில், சக்கரத்துக்குக் கிட்ட, பூச்சியின் மீசை மாதிரி இரண்டு சின்னக் கண்ணாடிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அமெரிக்கக் காரில் அந்த இடம் வெறுமை. அதற்குச் சாரதியின் கதவில் ஒரே ஒரு கண்ணாடி.

ஒரே கம்பனி, ஒரே வடிவமைப்பு, ஒரே காலம். பிறகு ஏன் கண்ணாடி மட்டும் இடம் மாறியது?

சும்மா ஒரு சைட் மிரர்தானே எண்டு நினைப்பம். ஆனால் அந்தச் சின்ன இடமாற்றத்துக்குப் பின்னால் சட்டம், வியாபாரம், பொலிஸ், இளம் ஆக்களின் ஆசை எல்லாம் இருக்கின்றன. இண்டைக்கு ஒரு பழைய இஸட்டைத் திருத்துகிற ஆள் “எந்தக் கண்ணாடியைப் போடுறது?” எண்டு கேட்கேக்க, தெரிந்தோ தெரியாமலோ அந்த வரலாற்றில் ஒரு பக்கத்தைத் தெரிவு செய்கிறார். அதைத் தெரிந்துகொண்டு செய்தால் நல்லது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

பின்னுக்குப் பார்க்கிற பழக்கம்

ஆரம்பகாலக் கார்களுக்குக் கண்ணாடியே கிடையாது. வேகமும் குறைவு, வாகனமும் குறைவு, திரும்பிப் பார்த்தால் போதும். 1909இல் பிரிட்டனின் பெண் காரோட்டப் பந்தய வீராங்கனை டொரத்தி லெவிற் பெண்களுக்காக எழுதிய ‘த வுமன் அண்ட் த கார்’ என்ற புத்தகத்தில், ஒரு சின்னக் கைக்கண்ணாடியைக் காரில் வைத்திருக்கும்படி ஆலோசனை சொல்கிறார். இடைக்கிடை அதைத் தூக்கிப் பிடித்தால் பின்னுக்கு வருவது தெரியும் என்பது அவருடைய யோசனை. முகம் பார்க்கிற கண்ணாடிதான் றோட்டுப் பார்க்கவும் முதலில் உதவியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1911 மே 30இல், அமெரிக்காவில் முதலாவது இண்டியனாபொலிஸ் 500 மைல் பந்தயம் நடந்தது. மற்றக் கார்கள் எல்லாவற்றிலும் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். பின்னுக்கு யார் வருகிறார்கள் என்று சொல்வதும் அவருடைய வேலை. ரே ஹரூன் மட்டும் ‘மார்மன் வொஸ்ப்’ என்ற மஞ்சள் நிற ஒற்றை இருக்கைக் காரில் தனியாக வந்தார். மற்றச் சாரதிகள் “இது ஆபத்து” என்று முறைப்பாடு செய்தார்கள். ஹரூன் தன் முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓடினார். மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் பந்தயத்தையும் வென்றார்.

இந்தக் கதையின் பகிடியான பகுதி பிறகுதான் வருகிறது. செங்கல் பதித்த அந்தத் தடத்தில் கண்ணாடி அப்படி அதிர்ந்ததாம், அதில் ஒன்றுமே தெரியவில்லை என்று ஹரூனே பின்னாளில் சொன்னார். முறைப்பாட்டுக்குப் பதில் சொல்ல ஒரு கண்ணாடி இருந்தது, அவ்வளவுதான். இந்த அதிர்வை ஞாபகம் வைத்திருங்கள். கதவில் கண்ணாடி பூட்டுகிற இடத்தில் அது திரும்பவும் வரும்.

இதற்குப் பிறகும் சைட் மிரர் நீண்ட காலம் கட்டாயமான சாமானாக இருக்கவில்லை. 1950களின் பல பிரிட்டிஷ் கார்களுக்கு அது தனியாகக் காசு குடுத்து வாங்கிப் பூட்டுகிற பொருள். எங்கட ஊர்களில் இன்னும் ஓடித்திரிகிற மொரிஸ் மைனர்களைக் கவனித்தால் இது விளங்கும். ஒன்றில் மட்காட்டில் இருக்கும், இன்னொன்றில் கதவில் இருக்கும், வேறொன்றில் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். ஒவ்வொரு சொந்தக்காரரும் தனக்குத் தெரிந்த மாதிரிப் பூட்டியிருக்கிறார். ஆங்கிலேயர் இண்டைக்கும் கதவுக் கண்ணாடியை ‘விங் மிரர்’ என்றுதான் பேச்சில் சொல்கிறார்கள். ‘விங்’ என்றால் அவர்களுடைய மொழியில் மட்காட். கண்ணாடி இடம் மாறின பிறகும் பெயர் மாறவில்லை.

மட்காட் மிரர் மோசமானதா?

இண்டைக்குப் பார்க்கிறவைக்கு மட்காட் மிரர் விசித்திரமாகத் தெரியும். “உவ்வளவு தூரத்தில கண்ணாடியை வச்சு என்னத்தைப் பாக்கிறது?” எண்டு கேட்கத் தோன்றும். ஆனால் அதற்கு நல்ல நியாயம் இருந்தது.

முன்னுக்குப் பார்த்து ஓடுகிற சாரதியின் கண்ணுக்கு மட்காட் மிரர் கிட்டத்தட்ட அதே பார்வைக்குள் நிற்கும். தலையைத் திருப்பத் தேவையில்லை, கண்ணை மட்டும் கொஞ்சம் அசைத்தால் போதும். கதவு மிரருக்கு, முக்கியமாக மற்றப் பக்கத்துக் கதவு மிரருக்கு, கழுத்தையே திருப்ப வேண்டும். அந்த ஒரு கணம் முன் றோட்டில் கண் இல்லை. அதோடு மட்காட் மிரர் காரின் அகலத்துக்குள் அடங்கி நிற்கும். ஒடுக்கமான தெருக்கள் நிறைந்த யப்பானுக்கு அது பெரிய வசதி.

குறையும் இருந்தது. ஓ/எல் விஞ்ஞானத்தில் படித்த தளவாடி, குவிவாடியை நினைவுபடுத்துங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் தூரம் கூடக் கூட, அதே அளவு தளவாடியில் தெரிகிற பரப்புக் குறைந்துகொண்டே போகும். அதைச் சமாளிக்கக் குவிவாடி போட வேண்டும். குவிவாடியில் பரப்பு கூடும், ஆனால் வாகனங்கள் சின்னதாகவும் தூரத்தில் நிற்பது போலவும் தெரியும். மழை பெய்தால் இன்னும் கரைச்சல். கதவு மிரரைக் கண்ணாடியை இறக்கிக் கையால் துடைக்கலாம். மட்காட் மிரருக்கு இறங்கித்தான் போக வேண்டும். 1980இல் வந்த நிசான் லெபர்ட் என்ற காரில் மட்காட் மிரருக்கென்றே குட்டி வைப்பர் பூட்டியிருந்தார்கள் என்றால், பிரச்சினை எவ்வளவு உண்மையானது என்று விளங்கும்.

ஆகவே இரண்டுமே முழுமையில்லை. தெரிவு செய்ய இடமிருந்தால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு சாரதியும் தங்கள் றோட்டுக்கு ஏற்ற மாதிரித் தெரிவு செய்திருக்கலாம். யப்பானில் அந்த இடம் இருக்கவில்லை. போக்குவரத்து அமைச்சின் பாதுகாப்பு விதிகளின்படி, உள்நாட்டில் விற்கிற சாதாரணக் கார்களுக்கு மட்காட் மிரர்தான் என்ற நிலை 1983 வரை நீடித்தது.

ஒரே கார், இரண்டு முகம்

ஃபெயார்லேடி இஸட் 1969 கடைசியில் வெளிவந்தது. அமெரிக்காவில் நிசானின் வியாபாரத்தை நடத்திய யுத்தாக்கா கத்தாயாமாவுக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்கு ‘ஃபெயார்லேடி’ என்று பெயர் வைத்தால் அமெரிக்காவில் எடுபடாது என்று நினைத்து, அந்த எழுத்துகளைக் கழற்றிவிட்டு 240 இஸட் என்று போடச் செய்தார் என்பது கார்ப் பிரியர்கள் எல்லாரும் சொல்லும் கதை. 3,500 டொலர் அளவில் விற்கப்பட்ட அந்தக் கார், அதைவிட விலை கூடின ஐரோப்பியக் கார்களுக்குச் சவாலாக நின்றது. 1978 வரை இந்த முதல் தலைமுறை இஸட் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. பெரும்பங்கு அமெரிக்காவுக்குத்தான் போனது.

பெயர் மாறினதைப் போலவே கண்ணாடியும் மாறியது. அமெரிக்காவில் 1968இல் இருந்து புதிய கார்களுக்கு உள்ளே ஒரு கண்ணாடியும் சாரதிப் பக்கம் வெளியே ஒரு கண்ணாடியும் கட்டாயம். சாரதிப் பக்கத்துக் கண்ணாடி தளவாடியாக இருக்க வேண்டும். அதனால் 240 இஸட்டுக்கு இடது கதவில் ஒரு கண்ணாடி. மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் சட்டம் கேட்கவில்லை.

இப்ப யப்பானில் இருந்த ஒரு இளம் சாரதியின் நிலையை யோசித்துப் பாருங்கள். தன் நாட்டுக் கார் வெளிநாட்டில் எப்படி நிற்கிறது என்று சஞ்சிகைப் படங்களில் பார்க்கிறான். அங்கே மூக்கு சுத்தமாக, ஒரே கோட்டில் ஓடுகிறது. தன்னுடைய காரில் அந்தக் கோட்டின் நடுவில் இரண்டு மீசை. கண்ணாடியைக் கழற்றிக் கதவில் பூட்ட ஆசை வருவது இயல்பு. சிலர் பூட்டினார்கள். பொலிஸ் மறித்தால் அது சட்டவிரோத மாற்றம். அதே கண்ணாடியோடு அதே கார் கலிஃபோர்னியாவில் ஓடினால் சட்டப்படி சரி. யப்பானில் ஓடினால் குற்றம்.

இதில் சட்டம் முழுக்கப் பிழை, பெடியள் முழுக்கச் சரி எண்டு சொல்ல ஏலாது. மட்காட் மிரருக்கு இருந்த நியாயத்தை மேலே பார்த்தோம். அந்த ஆசையிலும் பார்வையைவிட ஸ்டைல்தான் கூட இருந்திருக்கும். ஆனால் வெளிநாட்டுக்குக் கதவு மிரரோடு இலட்சக்கணக்கில் கார் ஏற்றி அனுப்பிக்கொண்டு, உள்நாட்டில் அதையே ஆபத்து என்று சொல்வது எவ்வளவு காலத்துக்கு நிற்கும்?

1983

யப்பானுக்குள் கார் விற்க விரும்பிய வெளிநாட்டுக் கம்பனிகளும் அரசுகளும் இந்த மாதிரி விதிகளை வியாபாரத் தடை என்று சொல்லி நெருக்கின. அந்தக் காலம் யப்பானின் கார் ஏற்றுமதி பற்றி அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் பெரிய இழுபறி நடந்த காலம். 1983 மார்ச்சில் கதவு மிரர் அனுமதிக்கப்பட்டது. அந்த மே மாதமே நிசான் பல்சர் எக்ஸா கதவு மிரரோடு வந்தது. யப்பான் கார் ஒன்று உள்நாட்டில் அப்படி விற்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

கதவு மிரர் வந்த உடன் புதுப் பிரச்சினையும் வந்தது. கார் அகலமாகிவிட்டது. ஒடுக்கமான தெருவிலும் தரிப்பிடத்திலும் கண்ணாடி இடிபட்டது. 1984இல் நிசான் லோரல் காரில் சுவிட்ச்சைத் தட்டினால் மின்சாரத்தில் மடங்குகிற கண்ணாடி வந்தது. இண்டைக்குக் கொழும்பில் தரிக்கிற ஒவ்வொரு காரும் காதை மடக்குகிற மாதிரிக் கண்ணாடியை மடக்குகிறதே, அதன் தொடக்கம் இங்கேதான்.

சில வருடங்களில் மட்காட் மிரர் பழசின் அடையாளமாகிவிட்டது. ஆனால் முழுதாகச் சாகவில்லை. யப்பான் டக்சிகள் அதை விடவில்லை. 2017இல் ரொயோட்டா கொண்டுவந்த புதிய டக்சிக்கும் மட்காட் மிரர்தான். நாள் முழுக்க ஓடுகிற ஆளுக்குக் கண் அசைவு குறைவது பெரிய விஷயம். இடதுபக்கக் கண்ணாடியைப் பார்க்கும்போது பக்கத்துச் சீற்றில் இருக்கும் பயணியை முறைத்துப் பார்ப்பது போலவும் இருக்காது.

ஸ்பானர் பிடிக்கிற கைக்கு

இந்த வரலாறு இப்போது கராஜுக்குள் வருகிறது. உலகம் முழுக்கப் பழைய இஸட்டைத் திருத்துகிறவர்கள் இரண்டு பக்கமாக வேலை செய்கிறார்கள். யப்பான் காரின் மட்காட் மிரரைக் கழற்றிக் கதவு மிரர் போடுகிறவர்கள் ஒரு பக்கம். அமெரிக்க, அவுஸ்திரேலியக் கார்களுக்கு யப்பானில் இருந்து குண்டு வடிவ மட்காட் மிரரை வரவழைத்துப் பூட்டுகிறவர்கள் மற்றப் பக்கம். ஒரு காலத்தில் பெடியள் கழற்ற ஆசைப்பட்ட மீசைக்கு இப்ப காசு குடுத்து வாங்க ஆக்கள் இருக்கினம்.

மட்காட்டில் இருந்து கதவுக்கு மாற்றுவதென்றால் முதல் பிரச்சினை ஓட்டைதான். கண்ணாடியைக் கழற்றுவது சுகம். மட்காட்டுக்கு அடியில் கையை விட்டு நட்டைக் கழற்றினால் வந்துவிடும். ஆனால் சேறு பிடித்து ஐம்பது வருடம் இருந்த இடம், சுற்றிவரக் கறள் இருக்கும். ஓட்டையை ரப்பர் மூடியால் அடைக்கலாம். அதுதான் திருப்பி எடுக்கக்கூடிய வழி. அல்லது தகரம் வெட்டி வெல்ட் பண்ணலாம். மெல்லிய தகரம் சூட்டில் நெளியும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பிறகு முழு மட்காட்டுக்கும் பெயின்ற். பழைய நிறத்துக்கு ஒத்த நிறம் கலப்பது தனி வேலை.

கதவில் துளை போட முதல் சாரதி தான் வழமையாக இருக்கிற மாதிரிச் சீற்றில் இருக்க வேண்டும். வெளியே ஒருவர் கண்ணாடியைக் கதவில் பிடித்து, முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்திப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்கும் கண்ணுக்கும் இடையில் தூண் மறைக்கிறதா? கதவை முழுதாகத் திறந்தால் கண்ணாடி மட்காட்டில் முட்டுகிறதா? உள்ளே யன்னல் ஏறி இறங்குகிற பாதையில் ஆணி முனை நீட்டுமா? இதெல்லாம் பார்த்த பிறகுதான் ஒட்டுநாடா ஒட்டிக் குறி போட வேண்டும். சின்னத் துளையில் தொடங்கிப் பெரிதாக்குவது, வெட்டின விளிம்புக்குப் பெயின்ற் பூசுவது, கண்ணாடிக்கு அடியில் ரப்பர் வைப்பது, இவற்றில் ஒன்றை விட்டாலும் இரண்டு மழைக்காலத்தில் கறள் தொடங்கும்.

உள்ளுக்கு ஒரு தகட்டை வைத்து இறுக்குவதும் முக்கியம். கதவின் வெளித் தகரம் மெல்லியது. தகடு இல்லாமல் பூட்டினால் வேகம் எடுக்கும்போது கண்ணாடி நடுங்கும். ரே ஹரூனின் கண்ணாடி மாதிரித்தான், இருக்கும், ஆனால் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது கண்ணாடியில்தான் பலர் பிழை விடுவது. சாரதிக் கதவில் எந்த இடமோ மற்றக் கதவிலும் அதே இடம் என்று அளந்து பூட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சாரதி நடுவில் இருக்கவில்லை. மற்றக் கண்ணாடி அவருக்குத் தூரம், கோணமும் வேறு. சாரதிப் பக்கத்துக்கென்று செய்த கண்ணாடி மற்றப் பக்கத்தில் போதுமான அளவு திரும்பாமல் போகலாம். வாங்க முதல் எவ்வளவு திரும்பும் என்று பார்ப்பதும், தூரப் பக்கத்துக்குக் குவிவாடி போடுவதும் நல்லது. மட்காட் மிரர் பூட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். கண்ணாடியைச் சரிசெய்ய ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று இரண்டு பேர் வேண்டும்.

அசல் எது?

இப்ப கேள்விக்கு வருவோம். 1970இல் யப்பானில் விற்ற இஸட் ஒன்று. சொந்தக்காரர் 1983இல், சட்டம் மாறின கையோடு, மட்காட் மிரரைக் கழற்றிக் கதவு மிரர் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டைக்கு அந்தக் காரை வாங்குகிறவர் ‘அசலாக’ மாற்ற வேண்டுமென்றால் எந்த வருடத்துக்குத் திரும்புவது? தொழிற்சாலை பூட்டியது அசல் என்றால், அதைத் தீர்மானித்தது வடிவமைப்பாளரின் கை மட்டும் இல்லை, அமைச்சின் விதியும்தான். வடிவமைப்பு அசல் என்றால் கதவு மிரர் போட்ட ஏற்றுமதிக் காரும் அதே வடிவமைப்புத்தான்.

என்னுடைய பார்வையில் அந்த அடைத்த ஓட்டையும் காரின் வரலாறுதான். ஒரு ஆள் எத்தனையோ வருடம் காத்திருந்து, தடை நீங்கின பிறகு செய்த வேலை அது. அதைத் துடைத்துவிட்டு 1970க்குப் போவதற்கு யாருக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் ‘பிழையைத் திருத்திறன்’ எண்டு சொல்லிக்கொண்டு செய்ய வேண்டாம்.

இது எங்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 1977க்குப் பிறகு யப்பான் கார்கள்தான் எங்கட றோட்டுகளை நிரப்பின. 1983க்கு முன் யப்பானுக்கென்று செய்த கார் எந்த நாட்டுக்குக் கை மாறினாலும் மட்காட்டில் அந்த இரண்டு ஓட்டையையும் கொண்டுதான் போகும். பழைய சணி ஒன்றோ கொரொல்லா ஒன்றோ எங்கேயாவது தரித்து நின்றால், மட்காட்டின் மேற்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடி இருக்கலாம், அடைத்த தழும்பு இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கட பெடியள் சிலர் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியை ஸ்டைலுக்காகக் கழற்றிவிட்டு ஓடுகிறார்கள். சட்டத்தை மீறிக் கதவு மிரர் போட்ட அந்த யப்பான் இளைஞர்களோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் தெரியும். அவர்கள் கண்ணாடியின் இடத்தைத்தான் மாற்றினார்கள். பின்னுக்கு லொறி வருவது தெரியாமல் ஓடவில்லை.

2016இல் கண்ணாடிக்குப் பதிலாகக் கமராவை யப்பான் அனுமதித்தது. 2018இல் லெக்ஸஸ் ஈஎஸ் கார் அப்படியே விற்பனைக்கு வந்தது. கதவுக்கு வெளியே கமரா, உள்ளே திரை. ஆகக் கதவு மிரரும் ஒரு நாள் மட்காட் மிரர் மாதிரிப் பழசாகலாம். அப்ப அதைத் தேடிக் காசு குடுக்க ஆக்கள் வருவார்கள்.

அதுவரைக்கும், உங்களுக்கோ உங்கட மாமாவுக்கோ பழைய கார் ஒன்றில் கை வைக்கிற சந்தர்ப்பம் கிடைத்தால், ஓட்டையை அடைக்க முதல் ஒரு படம் எடுத்து வையுங்கோ. கழற்றின கண்ணாடியை நட்டோடும் ரப்பரோடும் ஒரு பெட்டியில் போட்டு, எந்தக் காருடையது, எந்த வருடம் கழற்றியது என்று எழுதி வையுங்கோ. பிறகு புதுக் கண்ணாடியைப் பூட்டி, சீற்றில் இருந்து, பின்னுக்கு என்ன தெரியுது எண்டு பாருங்கோ.